ஹால் காலியான நாள்

தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது என்று சரளா வந்து சொன்னபோது ஸ்ரீலக்ஷ்மியின் மனதில் முதலில் எழுந்தது சந்தோஷம் அல்ல, ஏமாற்றம். அது ஒரு கணம்தான் இருந்தது. உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "அப்பாடா, நல்ல சேதி சரளா" என்று சொன்னாள். ஆனால் தன்னுடைய அந்த ஒரு கணத்தை அவளே பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

ஸ்ரீலக்ஷ்மிக்கு நாற்பத்தாறு வயது. பிரேசர் டவுனில் ஒரு அபார்ட்மெண்டில் கணவர் பத்ரிநாத்தோடும் மகள் ரக்ஷாவோடும் இருந்தாள். தாத்தா காலத்தில் மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்காகப் பெங்களூர் வந்த குடும்பம். அவள் மட்டும் வீட்டில் யாரும் போகாத வழியில் போய், கல்யாணங்களும் கம்பெனி விழாக்களும் நடத்திக்கொடுக்கும் தொழிலில் இறங்கினாள். பதினைந்து வருஷம் ஓடிய தொழில். போன வருஷம் கூட்டாளி வாடிக்கையாளர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு தனியாகப் போய்விட, ஆபீஸைப் பூட்டும்படி ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் வீட்டில் இருந்தாள். அலமாரிகளை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

அக்டோபரில் அந்த மழை வந்தது. ஜீவனஹள்ளியை ஒட்டி ஓடும் ராஜகாலுவே, அதாவது நகரத்து மழைநீரெல்லாம் போகும் பெரிய கால்வாய், பொங்கி அதன் பக்கச் சுவர் ஒரு இடத்தில் சரிந்தது. தாழ்வான இரண்டு தெருக்களில் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீர் புகுந்தது. அங்கே இருந்த குடும்பங்களையெல்லாம் பக்கத்து மேட்டில் இருந்த அம்பேத்கர் சங்கத்து ஹாலில் தங்க வைத்தார்கள். சங்கத்தின் மகளிர் பிரிவுச் செயலாளர் சரளா. ஒரு ஐடி பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருப்பவள். தன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்க, லீவு போட்டுவிட்டு ஹாலில் நின்றாள்.

மறுநாள் காலை ஸ்ரீலக்ஷ்மி ஒரு அட்டைப்பெட்டி பிஸ்கட்டோடு அங்கே போனாள். யாரோ கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலங்களுக்காக வாசலில் ஒரே நெரிசல். கொடுப்பவர்களும் வாசலில், வாங்குபவர்களும் வாசலில். குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்தவர்கள் பின்னால் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீலக்ஷ்மி பிஸ்கட் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் மேஜையை உள்ளே இழுத்தாள். பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். ஒரு வாசல் வழியாக வந்து இன்னொன்று வழியாக வெளியே போக வழி செய்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.

சரளா கிட்டே வந்து, "நீங்க யாரு மேடம்?" என்று கேட்டாள்.

"சும்மா வந்தேன். பக்கத்துலதான் வீடு."

"சும்னே வந்தவங்க மாதிரி தெரியலியே" என்றாள் சரளா. "மத்தியான சாப்பாட்டுக்கு இன்னா பண்றதுன்னு முழிச்சிட்டு இருக்கேன். இருக்கீங்களா, போயிடுவீங்களா?"

"இருக்கேன்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

அன்று மத்தியானமே ஹாலின் பின்பக்கம் ஷெட் போட்டு அடுப்பு எரிந்தது. ஷாமியானாக்காரர், பாத்திர வாடகைக்காரர், தண்ணீர் டேங்கர்க்காரர் எல்லாரும் அவளுடைய பழைய ஆட்கள். ஒரு போன் போட்டதும் வந்தார்கள். காலையில் உப்பிட்டு என்கிற உப்புமா, மத்தியானம் சித்ரான்னமோ தக்காளி பாத்தோ, சாயங்காலம் சாதமும் சாம்பாரும். சரளாவின் மகளிர் பிரிவுப் பெண்கள் காய் நறுக்கினார்கள். சரளாவின் கணவர் சீனு தன் டெம்போவில் அரிசியும் கேனும் ஏற்றி வந்தார். பாலுக்கு அழும் குழந்தைகளுக்கு முதல் வரிசை, மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அடுத்தது. ஒருவரும் பசியோடு படுக்கவில்லை. ஸ்ரீலக்ஷ்மி வீட்டுக்குப் போகும்போது கால் வீங்கியிருக்கும். உடம்பெல்லாம் புகை வாசனை. ஆனால் ஒரு வருஷமாக வராத தூக்கம் படுத்த உடனே வந்தது.

இந்த நிலையில்தான் தண்ணீர் வடிந்தது.

"நாளன்னிக்கு சனிக்கிழமை. அதுக்குள்ள எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடலாம் மேடம்" என்றாள் சரளா.

"அதுக்குள்ளயா? அவசரப்பட வேண்டாம் சரளா. தரைக்கடியில இருக்கற சம்ப் தொட்டித் தண்ணியெல்லாம் சாக்கடை கலந்து கெடக்கு. குழந்தைகளுக்கு ஏதாவது வந்துடும். ஞாயித்துக்கிழமை தாண்டட்டும்."

"ஞாயித்துக்கிழமை வேணாம். சனிக்கிழமையே."

"ஏன் இவ்ளோ பிடிவாதம்?"

"நீங்க ஏன் இவ்ளோ பிடிவாதம்?" என்று சரளாவும் கேட்டாள். இருவரும் முகம் கொடுக்காமல் வெவ்வேறு பக்கம் போனார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சஞ்சய் போன் செய்தான். ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளையை நடத்துகிறவன். முன்பு அவனுடைய விழாக்கள் சிலவற்றை அவள் நடத்திக் கொடுத்திருக்கிறாள். பேரிடர் வேலைகளுக்குத் தலைமை தாங்க ஒருவரைத் தேடுவதாகவும், ஜீவனஹள்ளி ஏற்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை தன் டிரஸ்டிகள் இருவரோடு நேரில் வந்து பார்ப்பதாகவும் முந்தாநாளே சொல்லியிருந்தான். இப்போது நேரத்தை உறுதி செய்துகொண்டான்.

"கண்டிப்பா வாங்கோ. எல்லாரும் ஹால்லதான் இருப்பா. மத்தியான சாப்பாட்டு நேரத்துக்கு வந்தா முழுசாப் பாக்கலாம்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

போனை வைத்ததும் ரக்ஷா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, தண்ணி வடிஞ்சாச்சுன்னு நீதானே சொன்ன?"

"ஆமா."

"அப்போ ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவா ஏன் அங்கயே இருக்கணும்?"

"சம்ப் சுத்தமா இல்லடி."

"அது சுத்தமாயிடுத்துன்னா போயிடுவாளா?"

ரக்ஷா குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பத்ரிநாத் மோர்ச் சொம்பை ஸ்ரீலக்ஷ்மியின் பக்கம் நகர்த்தினார்.

பாத்திரம் கழுவும்போது அவள் யோசித்தாள். சம்ப் அசுத்தமாக இருப்பது பொய்யில்லை. ஆனால் அதைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? எதற்கும் ஆள் கூப்பிடத் தெரிந்தவள் அவள். தனக்கு உதவுகிற குறையை மட்டும் சரிசெய்யாமல் விட்டுவைத்திருக்கிறாள். ஹால் நிறைய மனிதர்களும், நீளமான வரிசையும், நடுவில் தானும் நிற்க, சஞ்சய் வந்து பார்க்க வேண்டும். அதுதான். இன்னும் கொஞ்சம் தோண்டினால் அது கூட இல்லை. வேலை கிடைப்பது அப்புறம். ஹால் காலியானால் மறுபடி அலமாரிகள்தான். அந்தப் பயத்துக்காகப் பிள்ளை பெற்றவளையும் கிழவியையும் சிமெண்ட் தரையில் இன்னும் இரண்டு நாள் படுக்க வைக்கப் பார்த்திருக்கிறாள். கை கழுவித் துடைத்த பிறகும் அவள் தொட்டி அருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை உப்பிட்டு பரிமாறி முடிந்ததும் சரளாவை ஷெட்டுக்குக் கூப்பிட்டாள். கவிழ்த்து வைத்த அண்டாக்கள் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"சரளா, ஒண்ணு சொல்லணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்னு நான் சொன்னேனே, அது பாதி எனக்காக."

சரளா டீ கிளாஸை இறக்கினாள். ஸ்ரீலக்ஷ்மி சஞ்சயைப் பற்றியும், வேலையைப் பற்றியும், தண்ணீர் வடிந்த சேதி கேட்டபோது வந்த ஏமாற்றத்தைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது காது சூடானது.

சரளா ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எங்க வீட்ல தண்ணி நின்னுட்டு இருக்கும்போது உங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"உங்க வீட்ல தண்ணி நின்னதுல சந்தோஷம் இல்ல. இங்க எனக்கு வேலை இருந்ததுல சந்தோஷம்."

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு மேடம்."

"ஆமா. அதனாலதான் சொல்றேன்."

சரளா தரையைப் பார்த்தபடி இருந்தாள். கோபமா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு. "நான் மட்டும் இன்னா? சனிக்கிழமை, சனிக்கிழமைன்னு ஏன் அடம் புடிச்சேன்? ஞாயித்துக்கிழமை எங்க வார்டு பழைய கார்ப்பரேட்டர் வராரு. கம்பளி, பேனர், போட்டோகிராபர் எல்லாம். இத்தனை நாளா எட்டிப் பாக்கல. ஜனங்க ஹால்ல இருந்தா போட்டோ புடிச்சி, சோறு போட்டது பூரா அவருதான்னு பண்ணிடுவாரு. நான் அடுத்த எலக்ஷன்ல நிக்கலாம்னு இருக்கேன்."

"சொல்லவே இல்லையே."

"யார்கிட்டயும் சொல்லல. சீனுக்கு மட்டும் தெரியும்."

"அதுக்காக அழுக்கு சம்ப் இருக்கற வீட்டுக்கு எல்லாரையும் அனுப்பப் பாத்தீங்களா?"

இப்போது சரளாவின் சிரிப்பு நின்றது. வீணா என்ற பெண் கைக்குழந்தையோடு ஹால் மூலையில் உட்கார்ந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. "அது தப்புதான்" என்றாள் சரளா. "கொதிக்க வெச்சி குடிச்சிப்பாங்கன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றதைவிட, நெனைக்காம விட்டுட்டேன்."

ஒருத்தி மக்களைப் பிடித்துவைக்கப் பார்த்தாள், இன்னொருத்தி துரத்தப் பார்த்தாள். இருவரும் சொன்ன காரணங்கள் உண்மைதான். ஆனால் அந்தக் காரணங்களுக்குள்ளே இருவரும் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

"நாம ரெண்டு பேரும் அவங்களைக் கேக்கவே இல்ல" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

உடனே எழுந்து போய்க் கேட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சந்திரம்மா என்ற வயதான பெண்மணி, "எனக்கு என் வீட்டு கக்கூஸ் வேணும். வேற ஒண்ணும் வேணாம். இங்க க்யூல நின்னு நின்னு முட்டி போச்சி" என்றாள். வீணா, "தண்ணி நல்லா இருந்தா இப்பவே போறேன் அக்கா. இல்லன்னா நீங்க கழுத்தைப் புடிச்சி தள்ளினாலும் போகமாட்டேன்" என்றாள். இன்னும் பலர் கரண்டைப் பற்றிப் பயந்தார்கள். சுவரெல்லாம் ஈரம், சுவிட்சைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று. கேட்டு முடித்தபோது செய்ய வேண்டியது தெளிவாகிவிட்டது. சம்ப் சுத்தமாக வேண்டும், கரண்டைச் சரிபார்க்க வேண்டும், அடுப்புகள் எரிய வேண்டும்.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிக்கலாம்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"முடியுமா?"

"ஆயிரம் பேர் வர கல்யாண மண்டபத்தை ஒரே ராத்திரில மாத்தியிருக்கேன். இது முடியும்."

சனிக்கிழமை காலை இரண்டு தெருக்களிலும் அவளுடைய பழைய ஆட்கள் நின்றார்கள். மேடை விளக்குப் போடும் வெங்கி தன் எலக்ட்ரீஷியன்களைக் கூட்டிவந்திருந்தான். அவர்கள் வீடு வீடாகப் போய் போர்டுகளைக் கழற்றிக் காயவைத்துச் சோதித்தார்கள். கல்யாணச் சமையல்காரர்களின் அடுப்பு மெக்கானிக் தெருமுனையில் உட்கார்ந்து, சேறு அடைத்த ஸ்டவ்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சீனுவின் டெம்போ சேற்றை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. தெருப் பெண்கள் தத்தம் வீடுகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள்.

சம்ப் விஷயத்தில்தான் தடங்கல் வந்தது. சுத்தம் செய்ய வந்த காண்ட்ராக்டர் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் இருந்த சேற்றை அள்ள இரண்டு இளைஞர்களைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதல் ஆள் மூடியருகே காலைத் தொங்கவிட்டபோது சரளா ஓடிவந்தாள்.

"ஏய், மேல ஏறு. யாரும் உள்ள எறங்கக்கூடாது."

"இது குடிதண்ணி சம்ப்தாம்மா" என்றார் காண்ட்ராக்டர்.

"குடிதண்ணியா? சாக்கடை நின்ன தொட்டி. உள்ள காத்து எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா? எங்க அண்ணன் இப்படித்தான் ஒரு குழியில எறங்கினாரு. எங்க தெருவுல இனிமே ஒருத்தனும் எறங்க மாட்டான். சம்ப் அழுக்காவே கெடந்தாலும் பரவால்ல."

அந்தத் தெருவுக்கு அது தெரிந்த கதை. பெண்கள் துடைப்பத்தோடு அப்படியே நின்றார்கள். ஸ்ரீலக்ஷ்மிக்குத் தெரியாது. சரளாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவும் தோன்றவில்லை. காண்ட்ராக்டரிடம், "அவங்க சொல்றதுதான். யாரும் எறங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். யாரைக் கேட்பது என்று யோசித்தாள். ரிசார்ட்டில் நடத்திய கல்யாணங்கள் நினைவுக்கு வந்தன. விருந்தாளிகள் வருமுன் அங்கே நீச்சல் குளத்தின் அடியைக் குழாய் விட்டு உறிஞ்சும் மெஷின் வைத்திருந்த ஆள் ஒருவர் இருந்தார். கோவிந்தப்பா. அடுகோடியில் ஒர்க்‌ஷாப். கூப்பிட்டாள்.

"சம்ப்க்கா மேடம்? இதுவரைக்கும் பண்ணதில்ல" என்றார் அவர்.

"சேறு ஸ்வல்ப கெட்டியா இருக்கும். தண்ணி பீச்சிக் கரைச்சா உறிஞ்சுமா?"

"பாத்துடலாம். எடுத்துட்டு வரேன்."

உறிஞ்சியது. முதல் சம்ப்பில் குழாய் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. கோவிந்தப்பா குழாயின் வாயில் கம்பி வலை கட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் நிற்கவில்லை. மேலே நின்றபடியே சேற்றை இழுத்து, அழுத்தமாகத் தண்ணீர் பீச்சி, குளோரின் போட்டுக் கழுவி, மறுபடி இழுத்தார். வீட்டுக்கு வீடு மெஷின் நகர்ந்தது. முதல் சம்ப்பில் டேங்கர் தண்ணீர் விழுந்து அடித்தளம் தெரிந்தபோது, சுற்றி நின்றவர்கள் குழந்தையைத் தொட்டிலில் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தார்கள். சரளா ஸ்ரீலக்ஷ்மியின் கையை ஒரு தடவை அழுத்தமாகப் பிடித்து விட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது, காலையிலிருந்து ஒரு தடவை கூட சஞ்சயை நினைக்கவில்லை என்பது ஸ்ரீலக்ஷ்மிக்குத் தோன்றியது. பரவாயில்லையே என்று நினைத்தாள். நினைத்த உடனே, இதோ இதற்கும் தன்னையே தட்டிக்கொடுத்துக் கொள்கிறேன் என்று சிரிப்பு வந்தது. மனசு தங்கமாக ஆன பிறகுதான் வேலை செய்வேன் என்றால் யாருடைய சம்ப்பும் சுத்தமாகாது. கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தால் போதும் என்று எண்ணிக்கொண்டு, இரண்டாவது கரண்டி சாதம் போட்டுக்கொண்டாள்.

வெளிச்சம் போவதற்குள் குடும்பங்கள் மூட்டைகளோடு இறங்கத் தொடங்கின. சந்திரம்மா யாருக்கும் காத்திருக்காமல் முதலில் போனாள். வீணா தன் வீட்டுக் குழாயைத் திறந்து, தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குழந்தையை உள்ளே தூக்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சஞ்சயும் டிரஸ்டிகளும் வந்தபோது ஹால் காலியாக இருந்தது. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. பாய்கள் மூலையில் அடுக்கியிருந்தன. அவர்களுக்குச் சற்று முன்னால் வந்த பழைய கார்ப்பரேட்டரின் வண்டி, கம்பளிகளோடும் சுருட்டிய பேனரோடும் வாசலில் திரும்ப இடமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

சஞ்சய் சுற்றிப் பார்த்தான். "ஜனங்க எங்க மேடம்?"

"அவங்கவங்க வீட்டுல."

"நேத்து ஒரு போன் பண்ணியிருக்கலாமே. இவங்க ரெண்டு பேரும் இதுக்காகவே வந்தாங்க."

"பண்ணியிருக்கணும். மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்கோ. சம்ப் வேலைல இருந்தேன்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "வாங்கோ, தெருவைக் காட்டறேன்."

அவர்களை அழைத்துக்கொண்டு இறங்கினாள். சுவர்களில் இடுப்பளவுக்குத் தண்ணீர்க்கறை இருந்தது. அதற்கு மேலே ஜன்னல்களில் துணி காய்ந்தது. வீட்டுக்கு வீடு குக்கர் விசில் கேட்டது. ஒரு வாசலில் மீன் வறுக்கும் வாசனை, இன்னொன்றில் ரசம். இஸ்திரி போட்ட சேலையில் சரளா எதிரே வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். அந்த வணக்கத்தில் ஏற்கெனவே கொஞ்சம் வேட்பாளரின் களை வந்திருந்தது. ஸ்ரீலக்ஷ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நல்லா பண்ணியிருக்கீங்க" என்று கிளம்பும்போது சஞ்சய் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். "ஆனா போட்டோல காட்ட ஒண்ணும் இல்லையே."

"ஆமா, ஒண்ணும் இல்ல" என்றாள் அவள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. டெல்லியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். சேதி வந்த அன்று அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பொய்யாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. வேண்டும் என்று நினைத்தது வரவில்லை, அவ்வளவுதான். சில வாரங்கள் கழித்து வெங்கியும் கோவிந்தப்பாவும் வீட்டுக்கு வந்து, "நீங்க திரும்ப ஆரம்பிச்சா நாங்க வரோம் மேடம்" என்றார்கள். சின்னதாக ஆரம்பித்தாள். ஒரு காதுகுத்து, ஒரு கிருகப்பிரவேசம். சரளாவின் தேர்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்காக அவள் காத்திருக்கவும் இல்லை. சரிந்த கால்வாய்ச் சுவருக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். சில நாள் ஸ்ரீலக்ஷ்மியும் கூடப் போனாள். பிப்ரவரியில் சுவர் எழும்பியது.

ஏப்ரலில் அம்பேத்கர் ஜெயந்திக்குச் சங்கத்து ஹாலில் விழா. சாப்பாட்டு ஏற்பாடு ஸ்ரீலக்ஷ்மியுடையது. பத்ரிநாத்தும் ரக்ஷாவும் வந்திருந்தார்கள். சரளா மைக்கைப் பிடித்து, வெள்ளத்தின்போது உழைத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னாள். காய் நறுக்கிய பெண்கள், சீனு, வெங்கி, கோவிந்தப்பா எல்லாரும் நின்றார்கள். பிறகு, "பிரேசர் டவுன் ஸ்ரீலக்ஷ்மி மேடம்" என்றாள்.

இந்த மாதிரி நேரங்களில் கையை ஆட்டி, நான் ஒன்றும் செய்யவில்லை என்று தலை குனிவது ஸ்ரீலக்ஷ்மியின் வழக்கம். எத்தனையோ மேடைகளுக்குப் பின்னால் அதைச் செய்திருக்கிறாள். இன்று கை எழவில்லை. எதற்காக வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும், சரளாவுக்கும் தெரியும். வந்து என்ன செய்தாள் என்பது இந்த ஹாலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, முதுகு நேராக நின்று, கைதட்டல் முடியும்வரை அவர்கள் தன்னைப் பார்க்க விட்டாள்.